பச்சிலையும் பகலவனும்

(எமது சங்கத்தின் தைத்திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

"பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறீர், எங்களுக்கும் விளங்கத்தக்கதாக ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் அவர்கள் ஒரு மாதத்துக்கு முன் என்னைப் பணித்தார்கள். பொருளைத் தேடி நான் அலையவேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதனை இந்த மேடையிலேயே தீர்க்கவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நமது பிள்ளையார் கோயிலின் வெளிவீதியை விசாலிப்பதற்காக அங்கு நிற்கும் அரசமரத்தைத் தறிக்கவேண்டும் என்று ஒரு யோசனை எழுந்தது. அதனை ஆராயக் கூடிய கூட்டத்தில், அப்போது பாடசாலை மாணவனாயிருந்த நான் எழுந்து, "மற்ற மரங்கள் பகலில் மாத்திரமே ஒட்சிசனைத் தரும், அரசமரமோ இரவும் பகலும் தரும். இதனை அறிந்தே நம் முன்னோர் அதனைக் கோயிலில் வைத்தார்கள். விஞ்ஞானமும் இன்று இதனை ஒப்புக்கொண்டுவிட்டது" என்று உரத்துப் பேசினேன். சபையில் கைதட்டல் எழுந்தது. மரமும் தப்பியது. அன்று அங்கிருந்த பெரியவர்கள் சிலர் இன்று இங்கும் வீற்றிருக்கிறார்கள்.

நான் அன்று சொன்னது மெய்யன்று. எங்கோ ஒரு துண்டுப் பிரசுரத்தில் வாசித்ததை ஆராயாமற் சொன்னேன். அது ஏன் மெய்யன்று என்பதையும், மெய் எது என்பதையும் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அதற்கு, ஒரு பச்சிலை நாள்தோறும் என்ன தொழில் செய்கிறது என்பதை முதலில் நாம் அறிந்துகொள்ளவேண்டும். அத்தொழிலை நமது விஞ்ஞான நூல்கள் ஒளித்தொகுப்பு என்று கூறும். ஒளியின் துணைகொண்டு எளிய பொருள்களைத் தொகுத்து உணவாக்குதல் என்பது அதன் கருத்து.

மரத்தின் உடல் எங்கிருந்து வந்தது?

உங்கள் வளவில் நிற்கும் ஒரு மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டையிலிருந்து முளைத்த அது, இன்று பல அந்தர் நிறையுள்ளதாய் ஓங்கி நிற்கிறது. அவ்வளவு மரமும் எங்கிருந்து வந்தது? "மண்ணிலிருந்து" என்றே நம்மில் அநேகர் விடை கூறுவோம். அப்படியாயின் மாமரத்தின் அடியில் ஒரு பெருங் கிடங்கு விழுந்திருக்க வேண்டுமே! அவ்வாறு விழுந்ததை யாரேனும் கண்டதுண்டா?

இக்கேள்விக்குத் தராசைக் கொண்டு விடை தேடியவர் பிரசெல்சு நகரத்தவரான வான் எல்மொண்டு என்னும் வைத்தியர். அவர் ஒரு பெரிய மண்சாடியில், நன்றாக உலர்த்திய மண்ணை 200 இறாத்தல் நிறுத்து இட்டார். அதிலே 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். தூசி விழாதபடி சாடியின் வாயைத் துளையிட்ட தகட்டினால் மூடினார். நீரையன்றி வேறொன்றும் இடவில்லை. ஐந்து ஆண்டுகள் சென்றன. மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 இறாத்தலும் ஏறக்குறைய 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்சு மாத்திரமே!

164 இறாத்தல் மரம் மண்ணிலிருந்து வரவில்லை என்பது இதனால் திண்ணமாயிற்று. "ஆகவே முழுவதும் நீரிலிருந்தே வந்தது" என்று அவர் முடிவு கட்டினார். அவர் 1644 இல் இறந்தபின், 1648 இல் வெளிவந்த நூலில் இப்பரிசோதனை இடம்பெற்றது. அவர் கட்டிய முடிவு பிழையானது. ஆனால் இதிலே ஒரு விநோதம் உண்டு. இன்று உலகம் வழங்கும் 'காஸ்' என்ற சொல்லை ஆக்கியவரும் இவரே. 62 இறாத்தல் ஓக்குமரக் கரியை எரித்தால் 1 இறாத்தல் சாம்பலே மிஞ்சும், எஞ்சிய 61 இறாத்தலும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போய்விடும் என்று எழுதியவரும் இவரே. பழைய நூல்கள் கரியமிலவாயு என்றும், நாம் இன்று காபனீரொட்சைட்டு என்றும் கூறுவது அவ்வாயுவையே. கரி எரிகையில் வெளியேறும் வாயுவைக் கண்டவர், மரம் வளர்கையில் அதே வாயு இலைவழியே உட்புகுகிறது என்பதைக் காணாமற் போனார். விடை அவர் கையிலேயே இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

புதினாவும் மெழுகுதிரியும்

அடுத்து வருபவர்கள் இங்கிலாந்திலும் சுவிற்சலாந்திலும் வாழ்ந்த சில கிறித்தவ போதகர்கள். மிசன் பாடசாலையொன்றிற் படித்தவனாகையால் இதனைக் குறிப்பிடுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. தாவரங்கள் தம் உணவில் ஒரு பகுதியை இலைவழியே காற்றிலிருந்து பெறுகின்றனவோ என்று 1727 இல் ஐயுற்று எழுதிய ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு போதகர். யோசேப் பிறீஸ்ற்லி இன்னொரு போதகர்.

மூடிய கண்ணாடிக் கலசத்துள் மெழுகுதிரியை எரித்தால், சிறிது நேரத்தில் அது அணைந்துவிடும். 1771 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 17 ஆந் தேதி, பிறீஸ்ற்லி அவ்வாறு கெட்டுப்போன காற்றினுள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். 27 ஆந் தேதி அக்காற்றில் மீண்டும் ஒரு மெழுகுதிரியைப் புகுத்தியபோது அது நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி திருத்திவிட்டது! இது கேட்டு ஐரோப்பா முழுவதும் வியந்தது. ஆனால் வேறு சிலர் இதனைச் செய்து பார்த்தபோது, ஒருசமயம் பலித்தது, ஒருசமயம் பலிக்கவில்லை. பிறீஸ்ற்லிக்கே சில வேளை முடிவு மாறி வந்தது. காரணம் எவருக்கும் புலப்படவில்லை.

காரணத்தைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டு வைத்தியரான யான் இங்கன்ஹவுஸ். 1779 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அவர் இலண்டனுக்கு அண்மையில் ஒரு வீட்டில் தங்கி, மூன்று மாதங்களுள் 500 பரிசோதனைகளுக்கு மேற் செய்தார். நீரினுள் அமிழ்த்திய இலைகள் வெயிலில் வாயுக் குமிழிகளை விடுவதையும், இருளில் அவை நின்றுவிடுவதையும் கண்டார். காற்றைத் திருத்துவது செடியின் பச்சைப் பகுதி மாத்திரமே. அதுவும் ஒளியில் மாத்திரமே. பச்சையல்லாத வேரும் பூவும் கனியும் அத்தொழிலைச் செய்வதில்லை. இரவிலோ இலையுங்கூட நம்மைப் போலவே சுவாசித்து, ஒட்சிசனை உள்வாங்கிக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. கலசத்தை வெயிலில் வைத்தவனுக்குப் பரிசோதனை பலித்தது. நிழலில் வைத்தவனுக்குப் பலிக்கவில்லை. பிணக்கு முழுவதும் இவ்வளவே.

அன்பர்களே, நான் அன்று கோயிற் கூட்டத்திற் சொன்னதற்கு மறுப்பு 1779 ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டாயிற்று. ஒளியின்றி ஒளித்தொகுப்பு இல்லை. ஒளித்தொகுப்பின்றி இலையிலிருந்து ஒட்சிசன் இல்லை. கள்ளி, அன்னாசி முதலிய சில தாவரங்கள் நீரைச் சேமிக்கும்பொருட்டு இரவில் இலைவாய்களைத் திறந்து, காபனீரொட்சைட்டை வாங்கி, அமிலமாக்கி வைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அவையும் ஒட்சிசனை உண்டாக்குவது பகலிலேதான். இரவில் ஒட்சிசன் தரும் மரம் அரசும் அன்று, ஆலும் அன்று, வேம்பும் அன்று.

இதைக் கேட்டு, "அப்படியானால் இரவில் மரத்தடியிற் படுத்தால் ஆபத்தோ?" என்று எவரும் அஞ்சவேண்டாம். திறந்த வெளியில் அச்சிறு அளவு காற்றோடு கலந்துபோகும். பூட்டிய அறையில் நம்மோடு உறங்கும் தம்பிமார் விடும் மூச்சோ அவ்வாறு கலந்துபோவதில்லை!

இலையின் உள்ளே

செனீவா நகரத்துப் போதகரான செனபியர் என்பவர், இலை ஒட்சிசனை வெளிவிடுவதற்குக் காபனீரொட்சைட்டு வேண்டும் என்று 1782 இல் எழுதினார். 1804 இல் தெ சோசூர் என்பவர், செடியின் நிறை அது உட்கொண்ட காபனின் நிறையினும் கூடுதலாக ஏறுவதைத் தராசிலே கண்டு, நீரும் அதன் உடலிற் சேர்கிறது என்று நிறுவினார். ஆக, வான் எல்மொண்டின் கேள்விக்கு விடை பூரணமாயிற்று. மரத்தின் உடலிற் பெரும்பகுதி காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. மண் கொடுத்த பங்கு சிறிது, ஆயினும் இன்றியமையாதது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலியன இன்றேல் இலை தழைக்காது. ஆகையாற்றான் பசளை இடுகிறோம்.

விறகை எரித்தபின் மிஞ்சும் சாம்பல், மண்ணிலிருந்து பெற்ற அக்கனிப்பொருள்களே. நாம் நெற்றியில் அணியும் திருநீறும் அத்தகையதே. பசு தின்ற புல்லிலே காற்றும் நீரும் ஒளியும் சேர்த்த பகுதி நெருப்பிற் கழிந்துபோக, மண் கொடுத்தது வெண்ணீறாக நிற்கிறது.

இனி ஓர் இலையின் உள்ளே செல்வோம். இலையின் தோலில், பெரும்பாலும் கீழ்ப்புறத்தில், இலைவாய்கள் என்னும் நுண்துளைகள் உண்டு. ஒரு சதுர மில்லிமீற்றரில் அவை நூற்றுக்கணக்காகவும் இருக்கும். அவற்றின் வழியே காற்று உட்செல்கிறது. அக்காற்றிலே பத்தாயிரம் பங்கில் நான்கு பங்களவே காபனீரொட்சைட்டு. அவ்வளவு அருமையான பொருளைப் பெறவேண்டி வாயைத் திறக்கும்போது, வேர் உறிஞ்சிய நீரிற் பெரும்பகுதி ஆவியாக வெளியேறிவிடுகிறது. பயிருக்கு நாம் இறைக்கும் நீர் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பது இதனால் விளங்கும். நீர் வற்றினால் இலைவாய் மூடும். இலைவாய் மூடினால் சமையல் நிற்கும்.

இலையின் கலங்களுள்ளே பச்சையவுருமணிகள் என்னும் சிறு உருண்டைகள் உள்ளன. இலையில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு அவை ஏறக்குறைய ஐந்து இலட்சம். இலையின் சமையல் நடக்கும் அடுக்களைகள் இவையே. இவற்றில் உள்ள பச்சையம் என்னும் நிறப்பொருள் சூரிய ஒளியிலுள்ள நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையை அதிகம் கொள்ளாமல் திருப்பிவிடுகிறது. வயல் பச்சையாகத் தோன்றுவது அதனாலேதான். பச்சைய மூலக்கூற்றின் நடுவில் மகனீசியம் என்னும் உலோகத்தின் அணு ஒன்று உண்டு. நமது இரத்தத்தின் செந்நிறப் பொருளிலும் இதனை ஒத்த ஒரு வளையம் இருக்கிறது. அதன் நடுவிலோ இரும்பு.

சமையல் இரண்டு கட்டமாக நடைபெறுகிறது. முதலாவது கட்டத்துக்கு ஒளி நேராக வேண்டும். பதினைந்து கோடிக் கிலோமீற்றர் கடந்து, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் வந்துசேரும் ஒளி பச்சையத்தில் விழுகிறது. அதன் சக்தியால் நீர் மூலக்கூறு பிளவுபடுகிறது. நீரிலிருந்த ஐதரசனை இலை தன் தேவைக்கு வைத்துக்கொள்கிறது. ஒட்சிசனை வேண்டாப் பொருளாக வெளியே விட்டுவிடுகிறது. இலை கழித்ததே நமக்குப் பிராணவாயு! அந்த ஒட்சிசன் நீரிலிருந்து வருவதா, காபனீரொட்சைட்டிலிருந்து வருவதா என்று நெடுங்காலம் வழக்கு இருந்தது. 1941 இல் ரூபன், காமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகளும் அவர்தம் துணைவர்களும், பாரமான ஒட்சிசன் அணுக்கள் கலந்த நீரைப் பச்சைப் பாசிக்கு ஊட்டி, வெளிவந்த வாயுவை ஆராய்ந்து, அது நீரினுடையதே என்று காட்டினர். ஒளியின் சக்தி அழியாதபடி, ஏ.ரி.பி. என்னும் பொருளிலும் அதன் துணைப் பொருளொன்றிலும் ஏற்றப்படுகிறது. இவை கைச்செலவுக்கு மாற்றிய சில்லறைக் காசு போன்றவை. நெடுநாள் வைத்திருக்க முடியாது.

அச்சில்லறையைச் செலவிட்டு நிலையான முதலாக்குவது இரண்டாவது கட்டம். இதற்கு ஒளி நேரே வேண்டுவதில்லை. காபனீரொட்சைட்டு, இலையில் ஏற்கெனவே உள்ள ஐந்து காபன் வெல்லம் ஒன்றோடு இணைகிறது. அது உடனே மும்மூன்று காபன் உள்ள இரண்டு துண்டுகளாகிறது. அத்துண்டுகளிற் பெரும்பகுதி மீண்டும் ஐந்து காபன் வெல்லமாகிச் சக்கரம் போலச் சுழல, ஒரு சிறு பகுதி இலாபமாக வெளியே எடுக்கப்படுகிறது. அந்த இலாபமே சீனியாகவும் மாப்பொருளாகவும் ஆகிறது. இச்சுற்றினை, கதிர்வீசும் காபன் அணுக்களை அடையாளமாக வைத்து, மெல்வின் கல்வின், பென்சன், பாசம் என்போர் கலிபோர்ணியாவில் ஆராய்ந்து கண்டனர். கல்வின் 1961 இல் நோபல் பரிசு பெற்றார்.

புத்தகமும் கோப்பையும்

இவற்றையெல்லாம் கண்ணாற் காண்பது அரிது. ஆனால் இலையில் மாப்பொருள் உண்டாவதை எவரும் காணலாம். யூலியஸ் ஸாக்ஸ் என்னும் செருமானியர் 1860 ஆம் ஆண்டுகளில் காட்டிய முறை அது. ஒரு செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்து, பின் அதன் ஓர் இலையிற் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து வெயிலில் வைக்கவேண்டும். மாலையில் இலையைக் கிள்ளி, கொதிநீரில் இட்டெடுத்து, மதுசாரத்தில் வெதுப்பிப் பச்சையத்தை நீக்கவேண்டும். மதுசாரக் குழாயைத் தீயின் மேல் வைத்தல் ஆகாது. வெந்நீர்க் கோப்பையினுள் வைத்தே சூடாக்கவேண்டும். வெளிறிய இலையில் அயடீன் துளிகளை விட்டால், வெயில்பட்ட பாகம் கருநீலமாகும். மறைத்த பாகம் அயடீனின் மங்கல் நிறத்திலேயே நிற்கும்.

நான் இதனைப் பாடசாலையில் முதன்முதல் செய்தபோது எனக்கு அவ்வாறு வரவில்லை. தாள் இளகி வெயில் உட்புகுந்ததாலோ என்னவோ, மறைத்த பாகமும் நீலமாயிற்று. நான் அதைச் சொல்லாமல், புத்தகத்தில் உள்ளபடி அழகாகப் படம் வரைந்து கொடுத்தேன். ஆசிரியர் படத்தையும் பார்த்தார், என் கோப்பையையும் பார்த்தார். படத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, "புத்தகத்தில் இருக்கிறதை எழுதாதையும் தம்பி, கோப்பையில் இருக்கிறதை எழுதும்" என்றார். அன்று கற்றதை நான் கோயிற் கூட்டத்தில் மறந்துவிட்டேன். அங்கேயும் சபை கேட்க விரும்பியதையே சொன்னேன்.

உயிர்கள் அனைத்துக்கும் ஒரே கொள்முதல்

இலை செய்த சீனி இலையிலேயே நின்றுவிடுவதில்லை. உரியம் என்னும் நுண்குழாய்கள் வழியே வேருக்கும் தண்டுக்கும் பூவுக்கும் காய்க்கும் செல்கிறது. பனையின் பாளையைச் சீவும்போது வடியும் இனிய சாறு, அவ்வாறு ஓலையிலிருந்து இறங்கிவரும் சீனியே. அதைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்குகிறோம். கதிர் வந்தபின் நெல்மணியில் ஏறும் மாப்பொருளிற் பெரும்பகுதி, கதிருக்கு அண்மையில் நிமிர்ந்து நிற்கும் இலைகள் அந்நாட்களிற் சமைத்ததே. அவ்விலைகளை நோயும் பூச்சியும் தின்றால், நெல் பதராவதன் காரணம் இதுவே.

நாம் உண்பது இலை சமைத்ததை. ஆடும் மாடும் உண்பதும் அதுவே. ஆட்டைத் தின்னும் புலி இலையைத் தின்பதில்லை என்றாலும், ஆட்டின் உடம்பு இலையினால் ஆனது. கடலிலும் இவ்வழக்கே. கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் நுண்தாவரங்கள் ஒளித்தொகுப்புச் செய்ய, அவற்றைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்கள் உண்கின்றன. உலகில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய பாதி கடலிலேதான் நடைபெறுகிறது. 1977 இல் ஆழ்கடலின் அடியில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, இரசாயனப் பொருள்களிலிருந்து சக்தி பெறும் பற்றீரியாக்களை நம்பி வாழும் உயிர்க்கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இத்தகைய சில விலக்குகள் நீங்க, உயிர்கள் யாவும் சூரியனின் வீட்டுச் சோற்றையே உண்கின்றன.

நாம் உண்ட சோறு உடலிற் சீனியாகி, மூச்சில் வந்த ஒட்சிசனோடு சேர்ந்து, மீண்டும் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது. அப்போது இலை பூட்டிவைத்த வெயில் விடுதலையாகிறது. உங்கள் உடம்பிலுள்ள சூடும், நான் இப்போது பேசும் பேச்சின் வலிமையும், சில மாதங்களுக்கு முன் ஒரு வயலில் விழுந்த வெயிலே.

ஆதியில் இப்பூமியின் காற்றில் ஒட்சிசன் இல்லை என்றே கூறலாம். சயனோபற்றீரியா என்னும் மிக நுண்ணிய உயிர்கள் நீரைப் பிளந்து ஒட்சிசனை விட, ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றிற் சேரத் தொடங்கியது. இன்று காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். அந்த ஒட்சிசனிலிருந்து உண்டான ஓசோன் படலம் சூரியனின் கொடிய கதிர்களைத் தடுத்தபடியால், தரையிலும் உயிர் தழைக்க வழி பிறந்தது.

ஆனால் இங்கும் உண்மையை உள்ளவாறே கூறவேண்டும். காற்றில் இன்று சேர்ந்துள்ள ஒட்சிசன் மிகப் பெரிய முதல். நாளைக்கே உலகின் இலைகளெல்லாம் தொழிலை நிறுத்தினாலும், மூச்சுக்கு அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் போதும். நாம் மூச்சு முட்டி இறக்கமாட்டோம். அதற்கு வெகு முன்பே பட்டினியால் இறந்துவிடுவோம். இலை நமக்குச் செய்யும் முதற்பெரும் உதவி உணவே.

இன்னோர் உதவியும் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் காடுகள் காற்றிலிருந்து எடுத்துத் தம் உடலில் அடக்கிய காபன், மண்ணுள் புதைந்து நிலக்கரியாயிற்று. அதனை நாம் சில தலைமுறைகளுக்குள் எரித்துவருகிறோம். கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மலையொன்றில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இப்போது 420 ஐயும் கடந்துவிட்டது. அவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதால் உலகு சூடேறுகிறது. நிற்கும் ஒவ்வொரு மரமும் தன் உடலளவு காபனைப் பிடித்து வைத்திருக்கிறது. தறித்து எரித்தால், அறுபது ஆண்டுகளில் சேர்த்தது ஒரே நாளிற் காற்றுக்குத் திரும்பிவிடும்.

அரசமரத்துக்கு நான் கூறும் சாட்சி

இனி என் கடனுக்கு வருகிறேன். நான் சொன்ன காரணம் பொய்யாயின், மரத்தைத் தறிக்கலாமோ? இக்கேள்வி எழும் என்று அறிந்தே, இதனைச் சொல்லலாமா விடலாமா என்று சில நாள் தயங்கினேன். பொய்யினால் தப்பிய மரத்தை மெய்யினால் இழந்துவிடுவோமோ என்று அஞ்சினேன். பின் யோசித்துப் பார்க்கையில், அம்மரத்துக்கு மெய்ச்சாட்சிகளே போதியன இருந்தன. நான்தான் அவற்றைத் தேடாமல் இருந்தேன்.

நண்பகலில் வெளிவீதியில் நின்று பாருங்கள். பின் அரசின் கீழ் நின்று பாருங்கள். அங்குள்ள குளிர்மை நிழலினால் மாத்திரம் வந்ததன்று. இலைவாய்கள் வழியே வெளியேறும் நீராவி சுற்றுப்புறத்தின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. அதன் சிறு பழங்களை நம்பிக் குயிலும் கொண்டைக்குருவியும் பகலில் வருகின்றன. இரவில் வௌவால்கள் வருகின்றன. எத்தனையோ ஆண்டுகளாகக் காற்றிலிருந்து எடுத்த காபனை அது அடிமரத்திலும் கிளைகளிலும் அடக்கி வைத்திருக்கிறது. இவை யாவும் மெய். இவற்றுக்கு மேலாக, அது நாம் தலைமுறை தலைமுறையாக வலம்வந்து வணங்கும் மரம். வணக்கத்துக்கு விஞ்ஞானியின் கையொப்பம் வேண்டியதில்லை. நல்ல காரியத்துக்காயினும் விஞ்ஞானத்தைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தால், அச்சாட்சி உடையும் நாளில் காரியமும் சேர்ந்து உடையும். இனித் தீர்ப்பு உங்களுடையது. நான் மாணவனாகையால் வேண்டுகோள் மாத்திரம் விடுக்கிறேன்: மரம் நிற்கட்டும்.

"நம் முன்னோர்க்கு இவையெல்லாம் தெரிந்திருந்ததல்லவா?" என்று என் வயதொத்த நண்பர்கள் கேட்பதுண்டு. உயிர்கள் அன்னத்திலிருந்து தோன்றுவதைத் தைத்திரீய உபநிடதம் சிறப்பித்துப் பேசுகிறது. அது பெரிய சிந்தனை. ஆனால் காற்றும் நீரும் ஒளியால் அன்னமாகின்றன என்பதை அது கூறவில்லை. அதனைத் தராசும் கலசமும் கொண்டு மூன்று நூற்றாண்டுகளாகப் பல நாட்டவர் தேடிக் கண்டனர். அவர்கள் உழைப்பை நம்முடையதென்று கொள்வது அவர்களுக்கு அநீதி. நம் முன்னோர்க்கும் பெருமையன்று. முன்னோரிடம் இருந்தது வேறொன்று. இன்ன வழியால் என்று அறியாதிருந்தபோதும், தமக்கு உணவளிப்பவன் பகலவன் என்று உணர்ந்து அவனுக்கு நன்றி செலுத்தினார்கள்.

சென்ற வாரம் நம் முற்றங்களிற் பொங்கினோம். அப்பானையை மனத்தில் மீண்டும் வைத்துப் பாருங்கள். பச்சரிசி, நெல்லின் இலை சமைத்தது. பயறும் அவ்வாறே. சர்க்கரை, கரும்பின் தோகை சமைத்தது. பால், பசு தின்ற புல். முந்திரிகை வற்றல், கொடியின் இலை தந்தது. அடுப்பில் எரிந்த தென்னம்பாளையும், தென்னையின் ஓலைகள் பிடித்துவைத்த வெயிலே. நீரும் மண்பானையும் நீங்க, அங்கே சூரியன் தராதது எதுவும் இருக்கவில்லை. அவன் தந்ததை, அவன் தந்த நெருப்பிற் பொங்கி, அவனுக்கே படைத்தோம். என் அப்பாச்சி சொல்லித்தந்தபடி நான் சிறுவயதிற் கைகூப்பினேன். இவ்வருடம் இவற்றை அறிந்து கைகூப்பினேன். இம்முறை கூப்பியது எனக்கு மனநிறைவைத் தந்தது.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அயடீன் பரிசோதனைக்கு வேண்டிய பொருள்களைச் சேர்த்துத் தருகிறேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நாம் எல்லோரும் கூடி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதனைச் செய்துகாட்டுவோம். பலித்தால் பலித்தது என்று எழுதுவோம்; பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்று எழுதி, ஏன் என்று தேடுவோம். பெரியவர்களும் வந்து பார்த்து எங்களைத் திருத்தவேண்டும்.